கடைவாய்ப் பாட்டு

"வலிக்குதா?"

"இல்லீங்க டாக்டர்."

"சில்லுன்னு ஏதாவது குடிச்சா கூசுதா?"

"இல்லீங்க."

"இந்தத் தாளைக் கடிங்க. நல்லாக் கடிங்க. மேல்பல்லுல இடிக்குதா?"

"இல்லீங்க. பல்லுல ஒரு குறையும் சொல்ல முடியாது. அருமையா இருக்கு. பாட்டுதான் வரமாட்டேங்குது."

பல் டாக்டர் அவர் வாயிலிருந்து நீலத்தாளை உருவினார். முகமூடிக்கு மேலே தெரிந்த கண்கள் இரண்டும் ஒருமுறை நர்ஸைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தன. நர்ஸ் குழாயை மூடினாள்.

"என்ன வரமாட்டேங்குது?"

"பாட்டுங்க."

நாற்காலியில் மல்லாந்திருந்தவர் குடிநீர் வாரியத்தில் புகார்ப் பிரிவு எழுத்தர். தொலைபேசியில் ஊரே திரண்டு வந்து திட்டினாலும் குரல் ஒரு நூல்கூட ஏறாது என்பதால் அலுவலகத்தில் அவருக்கு ஐஸ்கட்டி என்று பெயர். பெயர் வைத்தவர்களிடமும் அவர் நன்றி சொல்லியிருந்தார். நன்றி சொல்வதில் அவர் கஞ்சத்தனம் காட்டியதே இல்லை. தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவுக்குக்கூட லேசாகத் தலையசைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்.

அவருடைய இடது கடைவாய்ப் பல்லில் கல்யாணத்துக்கு முன்பே அடைத்த ஓர் உலோக அடைப்பு இருந்தது. பல வருஷம் உழைத்த பிறகு அதன் ஓரம் விரிசல் விட்டு, சாப்பிடுவதில் பாதி அதற்குள் போய் உட்கார்ந்து வலிக்க ஆரம்பித்தது. வலியைப் பொறுத்துக்கொண்டு காலத்தை ஓட்டிவிடலாம் என்றுதான் அவர் நினைத்தார். ஆனால் வீட்டில் குடும்பப் போட்டோ ஒன்று மாட்டியிருந்தது. அதில் எல்லோரும் சிரிக்க, அவர் வாய்க்குள் மட்டும் கறுப்பாக ஒரு மினுமினுப்பு. வாய்க்குள்ளே யாரோ ஆணி அடித்துவிட்டுப் போனது போல இருக்கிறது என்று மனைவி சொல்லிச் சொல்லி ஓய்ந்திருந்தாள். இதுதான் சமயம் என்று இங்கே கூட்டி வந்தவளும் அவள்தான்.

பழையபடி உலோகமே வைக்கலாமா, பல் நிறத்திலேயே அடைக்கலாமா என்று டாக்டர் கேட்டபோது மனைவி யோசிக்கவே இல்லை. உலோகம் பல்லோடு ஒட்டாது, அது விழாமல் நிற்கப் பல்லை உள்ளே அகலமாகக் குடைய வேண்டும். இதுவோ பல்லிலேயே ஒட்டிக்கொள்ளும், கெட்டுப்போனதைச் சுரண்டினால் போதும் என்று டாக்டர் விளக்கினார். பிறகு பொத்தான் கடை அட்டை போல ஒரு பட்டையை எடுத்தார். அதில் வெள்ளையிலிருந்து பழுப்பு வரை குட்டிக் குட்டிப் பற்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றாக அவர் பல்லுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மனைவிக்குத் தையல் வேலை. துணிக்கு நூல் நிறம் பார்த்துப் பழகிய கண். "இது கொஞ்சம் மஞ்சள் தூக்கலா இருக்கு டாக்டர். அடுத்ததை வையுங்க. ஏங்க, ஜன்னல் பக்கம் திரும்புங்க" என்று அவள் சொல்ல, டாக்டரும் மறுபேச்சில்லாமல் அடுத்ததை வைத்தார்.

மாவு போல எதையோ கொஞ்சம் கொஞ்சமாக வைத்து, ஒவ்வொரு தடவையும் நீல வெளிச்சம் காட்டி இறுக வைத்தார்கள். முடிந்ததும் கையில் கண்ணாடியைக் கொடுத்தார்கள். ஐஸ்கட்டி இப்படியும் அப்படியும் வாயைத் திருப்பிப் பார்த்தார். எந்தப் பல் என்றே தெரியவில்லை. தன் வாய்க்குள்ளேயே வழி தெரியாமல் நின்றார். அன்று அவர் சொன்ன நன்றிகளைக் கேட்டுவிட்டு வெளியே காத்திருந்த ஒருவர், உள்ளே ஏதோ பாராட்டு விழா என்று நினைத்துக் கை தட்டினார்.

மறுநாள் காலை பல் தேய்க்கும்போதுதான் பாட்டு வரவில்லை என்று தெரிந்தது.

அந்தப் பாட்டைப் பற்றி அதுவரை அவர் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. பொழுது விடியும் நேரத்தில், மனைவி எழுவதற்கு முன்னால், பாத்ரூமில் நின்று பல் தேய்ப்பார். பிரஷ் இடது கடைவாய்க்குப் போகும்போது எங்கோ வெகு தொலைவிலிருந்து, மெலிதாக, மூச்சு விட்டு மூச்சு வாங்குகிற மாதிரி ஓர் இசை எழும். சொல் இருக்காது, மெட்டு மட்டும்தான். முதல்முறை கேட்டபோது பிரஷ்ஷை வாயிலேயே விட்டுவிட்டு அசையாமல் நின்றார்.

பல்லில் இருக்கும் உலோகம் சில சமயம் வானொலி அலைகளைப் பிடித்துவிடும் என்று எந்தப் பத்திரிகையிலோ துணுக்கு ஒன்று படித்திருந்தார். விஷயம் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அதை உறுதி செய்துகொண்டே போயிற்று. குழாயைத் திறந்தால் பாட்டு நின்றுவிடும். தண்ணீர் பட்டால் மின்சாரம் தரைக்குப் போய்விடும் அல்லவா? தங்கை வீட்டில் தங்கிப் பல் தேய்த்தபோது ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பேட்டையில் அலை எட்டவில்லை. இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்த உலோகம் இப்போது மட்டும் ஏன் பாடுகிறது என்ற கேள்விக்கும் பதில் வைத்திருந்தார். வீணைக்கே மரம் பழுத்தால்தான் நாதம். உலோகத்துக்கு எவ்வளவு காலம் வேண்டும்.

அந்த நிலையத்தைக்கூட அவர் மனதில் கட்டி முடித்துவிட்டார். கடலோரத்தில் பனி விழும் ஏதோ ஒரு சின்ன ஊர். கம்பளிக் கோட்டுப் போட்ட ஒரு பெரியவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, படியேறி, விளக்கைப் போட்டு, இருக்கிற ஒரே இசைத்தட்டை ஓட விடுவார். தட்டு கீறல் விழுந்தது. மெட்டு அழகாக ஏறி ஏறிப் போய், ஓரிடத்தில் தடுக்கி நின்று, மறுபடி முதலிலிருந்து வரும். கேட்பது உலகத்திலேயே ஒருத்தர்தான் என்று தெரிந்தும் தினமும் போடுகிறாரே என்று ஐஸ்கட்டிக்கு நெஞ்சு நெகிழும். கொப்பளித்துவிட்டு, கண்ணாடியைப் பார்த்து, "ரொம்ப நன்றிங்க" என்பார்.

அவருடைய பொறுமை முழுக்க அங்கேதான் சுரந்தது. அலுவலகத்தில் யாராவது காது கிழியக் கத்தும்போது, தடுக்கி நின்ற அந்த இடத்துக்கு அப்புறம் மெட்டு எப்படிப் போயிருக்கும் என்று உள்ளுக்குள் தேடிக்கொண்டிருப்பார். தேடுகிற மனிதருக்குக் கோபம் எங்கிருந்து வரும்?

நாற்காலியில் மல்லாந்தபடி இதில் பாதியைத்தான் டாக்டரிடம் சொன்னார். டாக்டர் சிரிக்கவில்லை. பல்லுக்கு ஒன்றுமில்லை, வேண்டுமானால் ஒரு காது டாக்டரைப் பாருங்கள் என்று மெதுவாகச் சொல்லி அனுப்பிவைத்தார். ஐஸ்கட்டி நன்றி சொல்லிவிட்டு எழுந்தார். காதில் என்ன கோளாறு இருக்க முடியும்? உலோகம் போயிற்று, பாட்டு போயிற்று. உலோகத்தை வைத்தால் பாட்டு வரும். கணக்கு அவ்வளவுதான்.

மறுநாள் காலை சமையலறையிலிருந்து ஒரு எவர்சில்வர் ஸ்பூனை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போனார். ஸ்பூனை இடது கடைவாயில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பல் தேய்த்தார். பாட்டு வரவில்லை. குமட்டல்தான் வந்தது. ஸ்பூன் தொட்டியில் விழுந்து வீடு முழுக்க ஒலித்தது.

மனைவி கதவருகே வந்து நின்றாள்.

"ஏங்க, பல்லு தேய்க்கத்தான போனீங்க? ஸ்பூன் எதுக்கு?"

"அது வந்து, இந்தப் பல்லு கொஞ்சம்..."

"வலிக்குது. எனக்குத் தெரியும். நானும் அன்னியிலருந்து உங்க மூஞ்சியைப் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். டாக்டர் மனசு நோகும்னு சொல்லாம மறைக்கிறீங்க."

இல்லை என்று சொன்னால் ஸ்பூனுக்கு விளக்கம் சொல்லியாக வேண்டும். அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். போட்டோவில் அழகாக இருக்க வேண்டும் என்று தான் ஆசைப்பட்டதால் வந்த வினை என்று மனைவி தன்னையே திட்டிக்கொண்டாள். அன்று முதல் சாப்பாடெல்லாம் கஞ்சியும் மசியலுமாக மாறியது. எதிர்வீட்டு அம்மாவிடம், யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டு, அவருடைய வலியை விவரமாகச் சொன்னாள். அவர்கள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் செய்தி பரவ அதைவிடச் சுருக்கு வழி கிடையாது.

கஞ்சியோடு அலுவலகம் போன ஐஸ்கட்டிக்கு அன்று வந்த முதல் அழைப்பே சரியில்லை.

"எங்க தெருவுக்கு வரவே இல்லீங்க. விடியறதுக்கு முன்னாடியே எழுந்து நின்னு காத்துக்கிட்டே இருக்கேன். ஒரு சத்தம் இல்ல."

வழக்கமாக அவர் சொல்லும் பதில் நாக்கு வரை வந்தது. ஆனால் அதற்குப் பின்னால் நிறைய நாள் துக்கம் முண்டியடித்துக்கொண்டு நின்றது.

"எனக்கும்தாம்மா வரல" என்றார். "நானும் காலையில எழுந்து நின்னுக்கிட்டுதான் இருக்கேன். நான் யாருகிட்டம்மா போய்ச் சொல்றது?"

"வாரியத்துல வேலை பாக்கிற உங்களுக்கேவா?" என்றது அந்தக் குரல், அடங்கிப்போய். அவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டுத்தான் அந்த அம்மா போனை வைத்தார். அதன்பிறகு தெருவில் எல்லோரிடமும் சொன்னார். சாயங்காலத்துக்குள், வாரியத்து ஆட்களுக்கே தண்ணீர் இல்லையாம், ஏரியே வற்றிவிட்டதாம் என்று ஊரே குடங்களையும் பக்கெட்டுகளையும் நிரப்பி வைக்கத் தொடங்கியது. எல்லாரும் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்ததில், நன்றாக வந்துகொண்டிருந்த தெருக்களிலும் தண்ணீர் நின்றது. தொலைபேசிகள் எல்லாம் சேர்ந்து அலறின.

மேலாளர் அவரைக் கூப்பிட்டார்.

"உங்க வீட்ல தண்ணி வருதா, வரலையா?"

"நல்லா வருதுங்க சார்."

"அப்ப என்ன வரல?"

"பாட்டுங்க சார்."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிப்பதற்குள் என்ன சொல்வது என்று யோசித்து வைத்துக்கொள்வது அவர் பழக்கம். திட்டுகிறவர்கள் ஐஸ்கட்டியிடம் பேசினால் அடங்கிவிடுவார்கள் என்பதற்காகத்தான் அந்த நாற்காலியை அவருக்குக் கொடுத்திருப்பதாகவும், இன்னொரு முறை இப்படி நடந்தால் மீட்டர் பார்க்க வீடு வீடாக அனுப்பிவிடப்போவதாகவும் சொன்னார். "எதுக்கும் நாய்க்கடி ஊசி போட்டு வெச்சுக்குங்க" என்று முடித்தார், அக்கறையாகவே.

ஐஸ்கட்டி அதற்கும் நன்றி சொன்னார். ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தார். அந்த நாற்காலியை விட்டால் அவருக்கு வேறு திறமை கிடையாது. அந்தத் திறமையும் பாட்டோடு போய்விட்டது. எப்படியாவது பாட்டை மீட்டாக வேண்டும்.

ஸ்பூன் போதாது, ஏரியல் வேண்டும் என்று தோன்றியது. அடுத்த நாள் விடிந்ததும் மொட்டை மாடிக்குப் போனார். துணிக்கொடிக் கம்பியில் ஒரு செப்புக் கம்பியைச் சுற்றி, மறுநுனியைக் கடைவாயில் கடித்துக்கொண்டு, கண்ணை மூடி, கடலோரத்துப் பெரியவரை நினைத்துக்கொண்டு நின்றார். ஒரு சத்தம் கேட்டது. அது மேல்வீட்டு அம்மாவின் கையிலிருந்து வாளி நழுவிய சத்தம்.

"அட பாவமே" என்றார் அந்த அம்மா. "கம்பியைக் கடிச்சுக்கிட்டு நிக்கிற அளவுக்கா வலி?"

அன்றைக்கே கட்டடம் ஒரு முடிவுக்கு வந்தது. கூட்டம் போட்டார்களா, தானாக நடந்ததா என்று அவருக்குத் தெரியாது. மேல்வீட்டு அம்மா மிக்ஸியைப் படுக்கையறைக்குத் தூக்கிப் போய்ப் போர்வைக்குள் வைத்து அரைத்தார். எதிர்வீட்டில் குக்கர் விசில் வருவதற்கு முன்னாலேயே அடுப்பை அணைத்து, அரைவேக்காட்டைப் பேசாமல் சாப்பிட்டார்கள். குழந்தைகள் பந்தைப் பூட்டிவைத்துவிட்டு, சுருட்டிய காலுறையை எறிந்து விளையாடினார்கள். கீழ்வீட்டில் இருந்தவர் ஒரு டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். அவர் காலையில் வாசலில் காரை ஸ்டார்ட் செய்வதில்லை. கற்றுக்கொள்ள வந்தவர்களைப் பின்னால் நிற்கவைத்துத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போனார். ஒரு வாரம் கற்றுக்கொண்ட ஒருத்தர், தள்ளுவதில் தேறிவிட்டேன், எப்போது ஓட்டுவது என்று கேட்டதாகக் கேள்வி.

ஐஸ்கட்டி மூக்கைச் சிந்திக்கொண்டே வீடு வீடாகப் போய் நன்றி சொன்னார். எந்த வீட்டிலும் அவரை முழுதாகப் பேச விடவில்லை. வாயைத் திறந்தால் காற்றுப் பட்டு வலிக்கும் என்றார்கள். டிரைவிங் மாஸ்டர் கதவைப் பாதி திறந்து, உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டு, தணிந்த குரலில், "நீங்க பேசாதீங்கண்ணே. எங்களால முடிஞ்சது இவ்வளவுதான்" என்றார். கூச்ச சுபாவம். அதற்குமேல் பேச வராமல் கதவைச் சாத்திக்கொண்டார்.

இவ்வளவு அமைதியில் உலகத்தின் எந்த மூலையிலிருந்து வரும் பாட்டும் கேட்டிருக்க வேண்டும். ஐஸ்கட்டி காலையில் பாத்ரூமில் நின்று காதைத் தீட்டிக்கொண்டார். பிரஷ் பல்லில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் வாழ்க்கையில் இவ்வளவு பேர் இவ்வளவு அன்பாக இருந்ததில்லை. இவ்வளவு தனியாகவும் அவர் இருந்ததில்லை.

சாயங்காலம் மனைவி தையல் மெஷினில் ஒரு சட்டைக் காலரைத் திருப்பிக்கொண்டிருந்தாள். மெஷினுக்கடியிலும் ஒரு தலையணையை வைத்திருந்தாள், சத்தம் கேட்காதிருக்க. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது."

"சிரிக்கிற மாதிரியா இருக்கு உங்க மூஞ்சி? சொல்லுங்க."

சொன்னார். துணுக்கில் படித்தது, குழாய்த் தண்ணீர், தங்கை வீடு, கம்பளிக் கோட்டு எல்லாவற்றையும் சொன்னார். பல் வலிக்கவே இல்லை என்பதைக் கடைசியில் சொன்னார். மனைவி கத்தரியைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்ன பாட்டு அது?"

அவர் முனகிக் காட்டினார். மெட்டு ஏறிக்கொண்டே போய், ஓரிடத்தில் நின்றது.

"அப்புறம்?"

"அப்புறம் வராது. அங்க தடுக்கிட்டு மறுபடி முதல்லருந்து வரும். சாகறதுக்குள்ள ஒரு நாளாவது முழுசாக் கேட்டுடணும்னு இருந்தேன்."

மனைவி காலரை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"தினமும் காலையில பல்லு தேய்ச்சிட்டு வரும்போது உங்க முகம் பூத்துப்போய் இருக்கும்" என்றாள். "நான் அந்தப் பேஸ்ட்தான் காரணம்னு நெனச்சுக்கிட்டு, கடை கடையா ஏறி இறங்கி அதையே வாங்கிட்டு இருந்தேன்."

பிறகு அவள் தலையணையை மெஷினுக்கடியிலிருந்து உருவி எடுத்தாள். "கிளம்புங்க. அந்த டாக்டர்கிட்டயே போய் மெட்டலைத் திருப்பிப் போடச் சொல்லலாம். போட்டோல எப்படித் தெரிஞ்சா எனக்கென்ன?"

டாக்டர் ஒப்புக்கொள்ளவில்லை. நன்றாக ஒட்டியிருக்கும் அடைப்பைத் தோண்டி எடுத்தால் கூடவே நல்ல பல்லும் கொஞ்சம் போகும், அதைத் தன் கையால் செய்ய மாட்டேன் என்றார். ஐஸ்கட்டி தலையைக் குனிந்துகொண்டார். அதைப் பார்க்க டாக்டருக்கே சங்கடமாக இருந்தது போல. வலது பக்கம் கடைவாயில் சின்னதாக ஒரு சொத்தை ஆரம்பித்திருக்கிறது, அதையும் பல் நிறத்திலேயே அடைப்பதாகத்தான் இருந்தேன் என்று இழுத்தார்.

"அதுல மெட்டல் வெக்கலாமா டாக்டர்?" என்றாள் மனைவி.

"வெக்கலாம். மெல்லுற பல்லுக்கு மெட்டலும் நல்லாத்தான் உழைக்கும். ஆனா அது நிக்கணும்னா கொஞ்சம் கூடுதலாக் குடையணும். கறுப்பாத் தெரியும். எல்லாரும் அதை எடுத்துட்டு இதைப் போடுங்கன்னு வருவாங்க. இதை விட்டுட்டு அதைக் கேக்கிறவர் நீங்க ஒருத்தர்தான்."

"வலது பக்கத்துல அலை எட்டுமா?" என்று ஐஸ்கட்டி கேட்டார்.

"ஜன்னல் அந்தப் பக்கம்தான் இருக்கு" என்றாள் நர்ஸ், ஆறுதலாக.

மரத்துப்போக ஊசி போட்டு, குடைந்து, உலோகத்தை வைத்து அழுத்தி, வழித்துவிட்டார்கள். நர்ஸ் பழக்க தோஷத்தில் நீல விளக்கை எடுத்து வந்து, இதற்கு அது தேவையில்லை என்று ஞாபகம் வந்து திருப்பி வைத்தாள். எல்லாம் முடிந்ததும் யாரும் சொல்லாமலே அந்த அறை அடங்கியது. மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். நர்ஸ் குழாயை மூடினாள். அறிவியல் படித்த டாக்டரும், கருவியை எடுக்கிற சாக்கில், அவர் கன்னத்துப் பக்கம் லேசாகக் குனிந்தார்.

ஐஸ்கட்டி ஒரு விரலை உயர்த்தி, காலையில்தான் என்று சைகை காட்டினார். நன்றி சொல்லப் பார்த்தார். வலது உதடு ஒத்துழைக்காமல் அது "நம்மி" என்று வழிந்தது. டாக்டர் புரிந்துகொண்டு, "பரவாயில்லைங்க, நல்லாக் கேக்கட்டும்" என்றார்.

மனைவி நூல் வாங்கக் கடையில் இறங்கிக்கொண்டாள். அவர் மட்டும் கைக்குட்டையால் கன்னத்தைப் பிடித்தபடி வீட்டுக்கு நடந்தார். காற்று, மரம், சிக்னலில் நின்ற வண்டிகள் எல்லாமே அன்று அவருக்கு நல்லதாகப் பட்டன. நாளைக் காலை பெரியவர் சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் படியேறும்போது, கேட்க ஆள் இருக்கும். அதற்கப்புறம் அலுவலகத்தில் யார் எவ்வளவு கத்தினாலும் கத்தட்டும். அன்புள்ள டாக்டர், அன்புள்ள மனைவி, காரைத் தள்ளுகிற அன்புள்ள மனிதர்கள். இவர்களுக்கெல்லாம் நான் என்ன செய்யப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டே கட்டடத்துக்குள் நுழைந்தார்.

லிஃப்ட் முன்னால் டிரைவிங் மாஸ்டர் நின்றிருந்தார். இவருக்காகவே காத்திருந்தவர் போலிருந்தது. லிஃப்ட் வந்தது, திறந்தது, மூடிக்கொண்டு போயிற்று. இரண்டு பேரும் ஏறவில்லை. மாஸ்டர் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். நிமிர்ந்து பார்க்காமல், தன் செருப்பிடம் சொல்வது போலப் பேசினார்.

"வைத்தியமெல்லாம் முடிஞ்சுதாண்ணே? நீங்க முதல்ல பல்லு அடைக்கக் கிளம்பின அன்னிக்கே, வலியில துடிக்கிறாருன்னு அண்ணி சொன்னாங்க. உங்க பாத்ரூமுக்கு நேர் கீழதான எங்க பாத்ரூம்? நான் விடியக்காலையில அங்க உக்காந்துதான் மவுத் ஆர்கன் கத்துக்கிட்டு இருந்தேன். வீட்ல வேற எங்கயும் ஊத விடமாட்டாங்க. ஒரே பாட்டுதான், அதுலயும் பாதியில தடுக்கிடும், நோவுல இருக்கிற மனுஷனுக்கு அது இன்னொரு நோவாகிடும்னு அன்னியோட நிறுத்திட்டேன். தொந்தரவுன்னா வேணாம்ணே, ஆனா வலி விட்டிருந்தா, நாளைக் காலையிலருந்து மறுபடியும் வாசிச்சுக்கட்டுமா?"